ஏழு பேருக்கு ஒரு கட்டைவிரல்

என் கட்டைவிரலில் ரேகை அழியவில்லை. மர்பி டவுனில், எங்கள் தெருவில், இது ஒரு சொத்து. சிரிக்காதீர்கள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் ஆபீஸ்களில் கக்கூஸ் கழுவுகிறார்கள், மீதிப் பேர் ரோடு பெருக்குகிறார்கள். ஆசிடும் பினாயிலும் பட்டுப் பட்டு, துடைப்பக்கட்டை உரசி உரசி, அவர்களுடைய விரல் நுனியெல்லாம் வழவழவென்று ஆகிவிட்டது. ரேஷன் கடையில் மிஷின்மேல் விரலை வைத்தால் சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு வை என்பான் கடைக்காரன். புடவையில் துடைத்துவிட்டு வைத்தாலும் சிவப்புதான். உயிரோடு எதிரில் நிற்கிற பொம்பளையைப் பார்த்து, நீ நீயில்லை என்று ஒரு டப்பா சொல்லும். அதை நம்பிக்கொண்டு அவனும் அடுத்த ஆளைக் கூப்பிடுவான்.

என் பேர் யசோதா. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பேப்பரைத் தவிர வேறு எதையும் அதிகம் தொடாத கை. நான் வைத்தால் எந்த மிஷினிலும் பச்சைதான்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் மார்க்கெட் முனையில் குடை நட்டு இலவசமாக சிம் கொடுத்தார்கள். ஆதாரும் விரலும் இருந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம். சாந்தகுமாரி அக்கா மூன்று நாள் வரிசையில் நின்று மூன்று நாளும் வெறுங்கையோடு திரும்பி வந்தது. கார்ப்பரேஷனில் ரோடு பெருக்குகிற அக்கா அது. என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறது. நான்காம் நாள் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கடையை மூடிவிட்டு அக்காவை இழுத்துக்கொண்டு போனேன்.

"யோவ், என் விரலை வெச்சுக்கோ. சிம்மை இவங்ககிட்ட குடு. உனக்கு இன்னா நஷ்டம்?" என்றேன்.

அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. யார் விரலாயிருந்தால் என்ன, ஒரு சிம் போனால் சரி. டீ வேண்டுமா என்றுகூடக் கேட்டான்.

அதற்கப்புறம் அது எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது. யாருக்காவது விரல் விழவில்லை என்றால், "யசோதாவைக் கூட்டிக்கினு போ" என்பார்கள். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை இரவல் கேட்கிற மாதிரி என் கட்டைவிரலை இரவல் கேட்டார்கள். நானும் பெருமையாகப் போய் வைத்துவிட்டு வந்தேன். ஒரு ஆளுக்கு ஒன்பது சிம்தான் என்று கம்ப்யூட்டர் தடுக்கிற வரைக்கும் வைத்தேன். எனக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று, தெருவுக்கு ஏழு.

இன்னொரு வேலையும் செய்தேன். மழைக்காலத்தில் எங்கள் வீடுகளில் தண்ணீர் ஏறும். ஆதார், ரேஷன் கார்டு, ஜாதி சர்ட்டிபிகேட் எல்லாம் நனைந்து கூழாகும். அதனால் எல்லோருடைய பேப்பரையும் ஸ்கேன் செய்து கடைக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறேன். ஃபோல்டருக்குப் பேர் 'நம்ம தெரு'. யாருக்கு எது வேண்டுமென்றாலும் வந்து கேட்பார்கள், ஒரு நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பேன். என்னைக் கேட்காமல் எங்கள் தெருவில் யாருக்கும் பிறந்த தேதிகூடத் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் சங்கமித்ரா பி.காம். முடித்தவள். அவள் அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. போன வருஷம் ஏர்போர்ட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. பயணிகள் வந்து பெட்டியைப் போடுகிற கவுன்ட்டரில் உட்காருகிற வேலை. எங்கள் தெருவில் ஏர்போர்ட்டைக் கழுவியவர்கள் உண்டு, கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்கள் கிடையாது. ஆஃபர் லெட்டரைப் பாபாசாகேப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு நான் அழுதேன். அவள், "இன்னாம்மா நீ, சினிமா மாதிரி" என்று சிரித்தாள். உள்ளே போக பாஸ் வேண்டும், பாஸுக்குப் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும். அறுபது நாளுக்குள் பாஸ் வரவில்லை என்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று லெட்டரிலேயே போட்டிருந்தது.

பத்தாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் பேசினார். பேர் மஞ்சுநாத். மகளைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டார். வெரிஃபிகேஷன் என்றால் பேப்பர் கேட்பார்கள் என்று நினைத்து எல்லாவற்றிலும் இரண்டு செட் ஜெராக்ஸ், நாலு போட்டோ, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"வாங்கம்மா, கூத்துகோளி" என்று நாற்காலியைக் காட்டினார். மரியாதையான மனுஷர். கன்னடக்காரர்தான், ஆனாலும் தமிழ் நன்றாகப் பேசினார். ஆஸ்டின் டவுனில் தமிழ்ப் பையன்களோடு வளர்ந்தவராம். நான் நீட்டிய ஜெராக்ஸ் கட்டை அவர் தொடவே இல்லை. தன்னிடம் இருந்த ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். ஒரு போன் நம்பரில் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"இந்த நம்பர் உங்களுதா?"

"என் பேர்ல இருந்தா என்னுதுதான் சார்."

"ஜூன் பதினொண்ணாந்தேதி காலைல ஆறரைக்கு இது மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல இருந்துச்சு. அன்னிக்கு அங்க ஒரு பை கெடந்துச்சு. ஒயரெல்லாம் வெளிய நீட்டிக்கினு. ரோடெல்லாம் அடைச்சோம், பாம் ஸ்குவாட் வந்துச்சு. டிவில பாத்திருப்பீங்க."

"பாத்தேன். அது கேபிள்காரன் மறந்துட்டுப் போன பைன்னு சொன்னாங்களே சார். உள்ள டிபன் பாக்ஸ் இருந்துச்சாமே?"

"ஹௌது, ஆமா. சித்ரான்னம் இருந்துச்சு." அவர் சிரிக்கவில்லை. "அந்த கேஸ் க்ளோஸ் ஆயிடுச்சும்மா."

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்ட்டீங்க?"

"கேஸ் க்ளோஸ் ஆச்சு. லிஸ்ட் க்ளோஸ் ஆகல."

அவர் பொறுமையாக விளக்கினார். அன்று காலை அந்த இடத்தைச் சுற்றி இருந்த அத்தனை போன் நம்பரையும் டவரிலிருந்து மொத்தமாக எடுத்தார்களாம். ஆயிரக்கணக்கில் இருந்ததாம். அதில் எது எது சரியில்லை என்று கம்ப்யூட்டர் பொறுக்கியதாம். அப்படிப் பொறுக்கியதில் நான் மாட்டியிருக்கிறேன்.

"அதே ஆறரைக்கு உங்க இன்னொரு நம்பர் மர்பி டவுன்ல இருந்துச்சு. மூணாவது நம்பர் எலக்ட்ரானிக் சிட்டில. நாலாவது ஈஜிபுரால. ஒரு பொம்பளை, ஒன்பது சிம், ஒன்பதும் ஊர் முழுக்க சுத்துது. பாக்கிறவனுக்கு எப்டிம்மா தெரியும்? நீங்களே சொல்லுங்க."

கோடு போட்ட நம்பர் யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு பதினாறில் முடிகிறது. சாந்தகுமாரி அக்காவுடையது. அந்த மெட்ரோ வாசல் அக்காவின் பீட். தினமும் காலை ஆறு மணிக்கு அங்கேதான் பெருக்கும். அன்றைக்கு மட்டுமல்ல, எந்த நாள் காலையில் குண்டு வைத்தாலும் அக்கா அங்கேதான் இருக்கும்.

"ஞாபகமில்ல சார். யாருக்கோ குடுத்தேன்" என்றேன்.

"யாருக்கோ குடுக்கறதே தப்பும்மா. இப்போ சட்டம் டைட். ஆனா நான் அதுக்கெல்லாம் போகல. எந்த சிம் யாருகிட்டன்னு எழுதிக் குடுங்க. பேரு, அட்ரஸ், ஆதார் காப்பி. உங்க பேரு கிளியர் ஆவும், பொண்ணு ஃபைல் மூவ் ஆவும்."

"எழுதிக் குடுத்தா அவங்கள இன்னா பண்ணுவீங்க?"

"விசாரிப்போம். சும்னே விசாரிக்கறது."

சும்னே. சும்மா. எங்கள் ஜனங்களில் யாரையாவது சும்மா விசாரித்து, மறுநாள் வேலை மிஞ்சியிருக்கிறதா? எனக்கு வாய் திறந்துகொண்டது.

"இன்னா சார் விசாரிப்பீங்க? நாங்க இன்னா குண்டு வெக்கிறவளுங்களா? குண்டு வெடிச்சா ரத்தத்தையும் கண்ணாடியையும் கூட்டி அள்றவளுங்க சார். டிபன் பாக்ஸ்காரனை வுட்டுட்டீங்க, ரோடு பெருக்கறவளப் புடிப்பீங்களா?"

கோபத்தில் உளறிவிட்டது எனக்கே அப்புறம்தான் உறைத்தது. ரோடு பெருக்குகிறவள் என்று நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை, அல்லது குறித்துக்கொண்டது எனக்குத் தெரியவில்லை.

"நோடிம்மா, இங்க பாருங்க, ஒண்ணு கேக்கறேன்" என்றார். "நாளைக்கு அதே இடத்துல அதே மாதிரி ஒரு பை. உள்ள சித்ரான்னம் இல்ல. வெடிச்சிருச்சு. உங்க பொண்ணு அந்த மெட்ரோல இருக்கா. அப்போ போலீஸ் இன்னா புடுங்கிட்டிருந்துச்சுன்னு மொத ஆளா கத்தறது யாரு?"

நான்தான் கத்துவேன். அது எனக்கே தெரியும்.

"சரி சார். இந்த லிஸ்ட்லேருந்து ஒரு பேரை எடுக்கணும்னா யாரைப் பாக்கணும்?"

"மேல."

"மேலன்னா எந்த மாடி?"

"எனக்கே தெரியாதும்மா. மேலேருந்து வருது, மேலயே போவுது. நடுவுல நான் ஃபார்வர்ட் பண்றவன், அஷ்டே, அவ்ளோதான்."

அன்று மத்தியானம் வேலை முடிந்து சாந்தகுமாரி அக்கா கடைக்கு வந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. பீட்டில் ஒரு வீட்டம்மா தூக்கிப் போட இருந்ததாம். அக்கா வாங்கி வந்து, கழுவி, பாலிஷ் போட்டு, உள்ளே பேப்பர் அடைத்துக் கொண்டுவந்திருக்கிறது.

"ஏர்போர்ட் பாப்பாவுக்கு. கால் போட்டுப் பாக்கச் சொல்லுடி. செருப்பு போட்டுக்கினு போனா அங்க மதிக்க மாட்டானுங்க."

என்னால் அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. லேமினேஷன் மிஷினைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டு கேட்டேன். "ஏன்க்கா, ஜூன் மாசம் உங்க பீட்ல ஒரு பை கெடந்து பேஜாராச்சே, அன்னிக்கு நீங்க பாத்தீங்களா?"

"நல்லா கேட்ட போ! நான்தானேடி மொதல்ல பாத்தேன். சுத்திப் பெருக்கிட்டு, இது யாரோ மறந்துட்டாங்கன்னு செக்யூரிட்டிகாரன்கிட்ட போயி சொன்னேன். அவன் ஒயரப் பாத்துட்டு அலறினான் பாரு. என்னையும் சேத்து வெரட்டினான். துடைப்பத்தக்கூட அங்கயே போட்டுட்டு ஓடியாந்தேன், அப்புறம் அது கெடைக்கல." அக்கா சிரித்தது. "ஒருத்தனாவது நல்ல காரியம் பண்ணினம்மான்னு சொன்னானா? துடைப்பத்த தொலைச்சதுக்குத் திட்டுதான் வாங்கினேன்."

இதையெல்லாம் அப்படியே போய்ச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. பையைக் காட்டிக் கொடுத்ததே அந்த அக்காதான் என்று. ஆனால் கம்ப்யூட்டரில் அதற்கு இடம் ஏது? அங்கே இருந்தது ஒரு நம்பர், ஒரு நேரம், ஒரு டவர். எதற்காக அங்கே இருந்தாள் என்று எழுத ஒரு கட்டம்கூட அதில் கிடையாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷூவைக் காலில் போட்டுக்கொண்டே கேட்டாள். அளவு சரியாக இருந்தது.

"குடுக்காதம்மா" என்றாள். "அவங்க பேரைக் குடுத்துத்தான் எனக்கு வேலை வரணும்னா, அந்த வேலை எனக்கு வேணாம்."

அப்படிச் சொன்னதும் எனக்குப் பெருமையாக இருந்தது. என் மகளாச்சே என்று நினைத்துக்கொண்டேன். அப்போது ஐம்பது நாள் மிச்சம் இருந்தது.

காக்ஸ் டவுனில் கிளெமென்ட் சார் இருக்கிறார். வக்கீல். அவருடைய மனுக்களுக்கு என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுப்பார். வீட்டு வராந்தாவில் உட்காரவைத்து, முழுக்கதையையும் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யசோதாம்மா, பிரைவசி உங்க அடிப்படை உரிமை. சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஒன்பது ஜட்ஜும் ஒரே மனசா தீர்ப்பு எழுதிட்டாங்க. பக்கம் ஐந்நூறுக்கு மேல இருக்கும்."

"அதை ஜெராக்ஸ் எடுத்துக்கினு போயி ஸ்டேஷன்ல குடுத்தா பாஸ் குடுப்பானுங்களா சார்?"

அவர் பாவம், கோபப்படவில்லை. "அதுலயே தேசப் பாதுகாப்புக்காகன்னா அரசாங்கம் பாக்கலாம்னும் இருக்கு. தேவைக்கு மேல போகக் கூடாது, அளவா இருக்கணும்னும் இருக்கு. எது அளவுன்னு கேட்கணும்னா ஹைகோர்ட்டுக்குப் போகணும்."

"எவ்ளோ நாள் ஆவும்?"

"வருஷம் சொல்லுங்க."

"சிம்மையெல்லாம் கேன்சல் பண்ணிடட்டுமா?"

"ஐயையோ, இப்பத் தொடாதீங்க. ஸ்டேஷன்ல கூப்பிட்டுக் கேட்ட மறுநாள் கேன்சல் பண்ணினா, எதையோ மறைக்கிறீங்கன்னு ஆயிடும். அதோட அந்தப் பெண்களுக்கு பேங்க், கேஸ் சிலிண்டர், ரேஷன் எல்லாம் அந்த நம்பர்லதானே இருக்கு?"

அதுவும் உண்மைதான். சம்பளம் வந்த மெசேஜே அந்த நம்பருக்குத்தான் வரும். கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம் என்றார். என் பேர் எந்தப் பட்டியலில், யாருடைய உத்தரவில், எவ்வளவு காலத்துக்கு இருக்கிறது என்று மூன்று கேள்வி. நானே டைப் அடித்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

முப்பத்திரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கேட்ட தகவல் தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதாம். அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது என்றும் சொல்ல முடியாதாம், இல்லை என்றும் சொல்ல முடியாதாம். கீழே ஒரு கையெழுத்து, யாருடையது என்று படிக்க முடியாதபடி. என் விரல், என் முகம், நான் எத்தனை மணிக்கு எங்கே இருந்தேன் என்பது வரைக்கும் அவனுக்குத் தெரியும். அவன் பேர்கூட எனக்குத் தெரியக் கூடாதாம். தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி ஃபைலில் வைத்தேன். பேப்பரைத் தொலைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து மெயில் வந்துகொண்டே இருந்தது. கூட ஆஃபர் வாங்கிய சௌம்யா என்ற பெண் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். யூனிஃபார்மில் போட்டோ எடுத்துப் போட்டிருந்தாள். சங்கமித்ரா அந்தப் போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். நாற்பத்தெட்டாம் நாள் நான் சாதம் போட்டுக்கொண்டே சொன்னேன்: "பேரு எழுதிக் குடுத்தா ஒரு வாரத்துல முடியும்னு ஸ்டேஷன்லேருந்து இன்னிக்கும் போன் பண்ணினாரு."

முன்பு சொன்ன மாதிரி குடுக்காதே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். எழுந்து போய் அந்தக் கறுப்பு ஷூவை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்ததை, இன்னொரு தரம் துடைக்க ஆரம்பித்தாள்.

அவளை நான் குறை சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வயது. நான் பெற்ற ஒரே பிள்ளை. ரேகை அழியாத கையோடு ஒரு வேலைக்குப் போகட்டும் என்று படிக்க வைத்த பிள்ளை.

மறுநாள் காலை கடையைத் திறந்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். 'நம்ம தெரு' ஃபோல்டரைத் திறந்தேன். தேட வேண்டிய வேலையே இல்லை. ஏழு பேருடைய ஆதார், விலாசம், போட்டோ எல்லாம் வரிசையாக இருந்தன. மழையில் நனையாமல் இருக்கட்டும் என்று நான் வைத்ததுதான். பிரின்ட் கொடுத்தேன். ஒவ்வொரு முகமாக மிஷினிலிருந்து வெளியே வந்தது. ஏழு செட், ஒவ்வொன்றும் ஸ்டேப்ளர் அடித்து, மேலே சிம் நம்பர் எழுதி, கடைசியில் என் கையெழுத்தும் கட்டைவிரலும். சாந்தகுமாரி அக்காவுடைய தாளில் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதினேன்: 'இவர் அங்கே ரோடு பெருக்குபவர், பையைப் பற்றி முதலில் தகவல் சொன்னவர் இவர்தான்.' அந்த ஒரு வரியை எழுதிவிட்டதால் நான் நல்லவள் என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டேன்.

மஞ்சுநாத் புரட்டிப் பார்த்தார். "இவ்ளோ நீட்டா யாருமே குடுத்ததில்லம்மா" என்றார்.

என் வாழ்நாளில் ஒரு அரசாங்க ஆபீஸில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. தூ.

ஐம்பத்தெட்டாம் நாள் மகளுடைய போனுக்கு மெசேஜ் வந்தது. கிளியரன்ஸ் மறுக்கப்பட்டது. ஒரே வரி, காரணம் கிடையாது. அவள் அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டாள்.

நான் ஸ்டேஷனுக்குப் பறந்தேன். போகிற வழியெல்லாம் அந்த மனுஷனை எப்படி எப்படித் திட்டுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். போலீஸ்காரர் எனக்காக எழுந்து நின்றது எனக்கு அந்த மெசேஜைவிடப் பயமாக இருந்தது.

"இன்னா சார் இது? குடுத்தா ஆயிடும்னு சொன்னீங்களே?"

"நானும் அப்டித்தான் நெனச்சேன்மா. நிஜம்மா. என் பொண்ணு மேல ஆணை." குரலைத் தாழ்த்தினார். "முன்னால ஒரு நம்பர் மேலதான் கேள்வி இருந்துச்சு. இப்போ ஏழு பேரு வேற ஆளு சிம்மு வெச்சிருக்காங்க. ஏழு பேரும் லிஸ்ட்ல ஏறிட்டாங்க. ஏழு பேருக்கும் லிங்க் யாரு? நீங்க. நீங்களே எழுதி ரேகை வெச்சிருக்கீங்க. உங்க பொண்ணு அட்ரஸும் அதே அட்ரஸ்."

"நீங்கதானே எழுதச் சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"சாந்தகுமாரி பத்தி ஒரு வரி எழுதியிருந்தேனே? அவங்கதான் பையைக் காட்டினாங்கன்னு?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா அதுல. கம்ப்யூட்டர்ல ஏத்தறப்போ பேரு, நம்பர், ஆதார் மட்டும்தான் போவுது."

"அந்தப் பேப்பரைத் திருப்பிக் குடுங்க சார்."

"இங்க இல்லம்மா. மேல போயிடுச்சு."

ஒரு ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் என்று வந்தவள் நான். தெருவில் குழாய்ச் சண்டையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் யாரைப் பார்த்துக் கத்துவது? எதிரில் நின்ற மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு எனக்கு டீ சொல்லி அனுப்பினார். நான் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

அப்புறம் ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காது போல இருக்கிறது என்று நம்பக்கூட ஆரம்பித்தேன். சங்கமித்ரா கடையில் என்னோடு உட்கார்ந்துவிட்டாள். லேமினேஷன் அவள் பார்த்துக்கொண்டாள். மூன்று இடத்தில் வேலைக்கு எழுதிப் போட்டாள். ஒவ்வொரு ஃபாரத்திலும் 'எப்போதாவது உங்களுக்குக் கிளியரன்ஸ் மறுக்கப்பட்டதா' என்ற கேள்வி வந்ததும் பேனாவை மூடிவைத்தாள். எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. எதைப் பேசினாலும் அந்த ஏழு செட்டில் போய் முட்டிக்கொள்ளும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாந்தகுமாரி அக்கா வந்தது. வேலை நேரம். கையில் துடைப்பம் இல்லை, ஒரு பழுப்பு கவர் இருந்தது.

"யசோ, இதைப் படிச்சு சொல்லுடி. சூப்பர்வைசர் கையில குடுத்தான். இது முடியற வரைக்கும் வேலைக்கு வராதன்னுட்டான். கன்னடத்துல இருக்குது, இன்னான்னு கேட்டா ஸ்டேஷன்ல போய்க் கேளுன்றான்."

எங்கள் தெருவுக்கு வருகிற தபாலையெல்லாம் படித்துச் சொல்வது நான்தான். இருபது வருஷமாக அப்படித்தான். கவரைப் பிரித்தேன். கன்னட எழுத்துகள் கொஞ்ச நேரம் கண்ணில் நிற்கவில்லை. பக்கத்தில் சங்கமித்ரா மிஷினை நிறுத்திவிட்டாள்.

படித்தேன். ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். வேறொருவர் பேரில் வாங்கிய சிம் கார்டை இத்தனை வருஷமாக உபயோகித்தது. பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடத்தில் இன்ன தேதியில் இருந்தது. ஏழு நாளைக்குள் நேரில் ஆஜராக வேண்டும். அடையாள ஆவணங்களின் இரண்டு நகல்களோடு.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தது.

"நான்தானேடி பையைக் காட்டினேன்" என்றது. "எம் பேரு எப்டி அவங்களுக்குத் தெரியும்? சிம்மு உம் பேர்லல்ல இருக்குது? யாரு குடுத்தான்னு அதுல போட்டிருக்கா?"

"போடல" என்றேன்.

உண்மையிலேயே போடவில்லை. அந்தத் தாளில் அது மட்டும்தான் இல்லை.

"எவளோ வயித்தெரிச்சல் புடிச்சவ போயி சொல்லியிருக்கா. ஒழுங்கா கஞ்சி குடிக்கிறது பொறுக்கல. எவ குடுத்தாளோ அவ கை வெளங்காம போக!" அக்கா அழுதது. அழுகையோடு புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டது. "சரி, அழுது இன்னா ஆவும்? நீ என்கூட வாடி. ஸ்டேஷன்ல எனக்குப் பேச வராது. உனக்குத்தான் வாய் இருக்குது."

சங்கமித்ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, தெரியவில்லை. அவள் காலில் அந்தக் கறுப்பு ஷூ இருந்தது. கடைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறாள், வேறெதற்கும் உதவாததால்.

"வரேன்க்கா" என்றேன்.

"ஆதார் காப்பி கேட்டிருக்கானே. போன மழைல எங்க வெச்சேன்னே தெரியல."

"என்கிட்ட இருக்குதுக்கா."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. "உன்கிட்ட இருந்தா சரிடி. உன்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

நான் ஃபோல்டரைத் திறந்து, இரண்டு காப்பி கொடுத்தேன்.